ஐவர் குழுவாவது எப்பொழுது?

(நாடகக் குழு இளைஞர்களுக்காகச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கதையிலும் நாடகத்திலும் வருகின்ற சிலர் உண்மையான ஒரு குழுவாக உருவாவது எங்ஙனம் என்பதைப் பற்றிப் பேசுமாறு நம் இளைஞர்கள் என்னைப் பணித்திருக்கின்றார்கள். வரும் ஆண்டு விழாவிற்கென்று அவர்கள் ஒரு புதிய நாடகம் எழுதத் தொடங்கியிருக்கின்றார்கள். இப்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு உள்ள தகுதி ஒன்றே. இம்முயற்சியில் நான் ஒருமுறை முற்றிலும் தோற்றவன். அத்தோல்விக்குச் சான்று கூறத்தக்கவர்கள் இந்த மன்றத்திலேயே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே மேடையில் நான் எழுதிய நாடகம் ஒன்று நடைபெற்றது. அதன் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. மறந்தவர்கள் மறந்தவர்களாகவே இருக்கட்டும். நம் குடியிருப்பைப் போன்றதோர் ஆலைக் குடியிருப்பில், ஒரே குவார்ட்டர்ஸில் தங்கிச் சமைத்துண்ணும் மணமாகாத இளைஞர் ஐவரின் கதை அது. ஒருவன் கஞ்சன். ஒருவன் முன்கோபி. ஒருவன் சாப்பாட்டுராமன். ஒருவன் எதற்கெடுத்தாலும் குறளை எடுத்துக் கூறும் அறிவாளி. ஐந்தாமவன் கோமாளி. கஞ்சன் வாயைத் திறந்தால் காசைப் பற்றிப் பேசுவான்; சாப்பாட்டுராமன் வாயைத் திறந்தால் வடையைப் பற்றிப் பேசுவான். அவையினர் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று உள்ளம் பூரித்தேன்.

நாடகம் முடிந்து, சமுக்காளங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் என் அருகில் வந்தார். மகன் வீட்டில் சில நாள் தங்கிச் செல்லலாம் என்று ஊரிலிருந்து வந்திருந்தவர் அவர். "நாடகம் நன்றாயிருந்தது, தம்பி. ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. இந்த ஐந்து பேரும் எதற்காக ஒரே வீட்டில் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"செலவைப் பகிர்ந்துகொள்ளத்தான், அம்மா" என்றேன்.

"அதற்கு ஒரு சத்திரம் போதுமே!" என்று சொல்லிவிட்டு, அவர் தம் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த அம்மையாரின் கேள்வியைக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு வேறு வழி தோன்றுவதில்லை. ஐந்து பேர் ஓரிடத்தில் இருந்தால் அவர்களுக்குள் எத்தனை இணைகள் உண்டு? பத்து. கஞ்சனுக்கும் முன்கோபிக்கும் இடையே ஒன்று, கஞ்சனுக்கும் கோமாளிக்கும் இடையே ஒன்று என்று எண்ணிக்கொண்டே போகலாம். என் நாடகத்தில் ஐந்து குணங்கள் இருந்தன. அந்தப் பத்து உறவுகளில் ஒன்றேனும் இருந்ததா? இல்லை. ஒவ்வொருவனும் அவையை நோக்கித் தன் குணத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். கஞ்சன் யாரிடம் கடன்பட்டவன்? முன்கோபி யாருக்கு மட்டும் அஞ்சுவான்? கோமாளி இல்லாத நாளில் அந்த வீடு எப்படியிருக்கும்? இவற்றில் எதற்கும் என்னிடம் விடையில்லை. அம்மையார் சத்திரம் என்று கூறியது எத்துணைப் பொருத்தம்!

இன்னொன்றையும் அன்று கண்டேன். ஐவரோடு ஆறாமவன் ஒருவன் வந்து சேர்ந்தால் கூடுவது ஓர் ஆள் மட்டுமன்று. ஐந்து புதிய உறவுகள். பத்து பதினைந்தாகின்றது. எழுவர் என்றாலோ 21. புதியவன் ஒருவன் வாயிலில் வந்து நிற்கும்பொழுது உள்ளே இருப்பவர்கள் ஏன் கலங்குகின்றார்கள் என்பது இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

இந்தப் பாடத்தை எங்கே கற்பது என்று தேடியபொழுது, வீட்டிலேயே இருந்த நூலை எடுத்தேன். கம்பராமாயணத்தை நாம் பக்திக்காகப் படித்திருக்கின்றோம், பட்டிமண்டபத்திற்காகப் படித்திருக்கின்றோம். பலர் கூடி ஒரு குழுவாவதை அறிந்துகொள்வதற்காக ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். சமயச் சொற்பொழிவு செய்ய நான் வரவில்லை. நாடகம் எழுதுகின்றவன் கண்ணால் பார்த்ததையே கூறுகின்றேன்.

கிட்கிந்தா காண்டத்தின் தொடக்கத்தில் ஒரு மலையின்மேல் சுக்கிரீவன் அஞ்சி ஒடுங்கியிருக்கின்றான். நாட்டை இழந்தவன், மனைவியை இழந்தவன். வில்லேந்திய இருவர் வருவதைக் கண்டு, அவர்கள் வாலி ஏவிய ஆட்களோ என்று நடுங்குகின்றான். வருகின்றவனோ தானும் நாட்டைத் துறந்தவன், மனைவியைப் பறிகொடுத்தவன். ஒருவனிடம் இருப்பது வில்லாற்றல்; மற்றவனுக்கு வாய்க்கக்கூடியது படை. ஒருவனுக்கு இல்லாதது மற்றவனிடம் இருக்கின்றது. இருவருக்கும் நேர்ந்த துன்பமோ ஒன்றே. நட்பு பிறப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? அம்மையார் என்னைக் கேட்ட கேள்வியைக் கம்பரிடம் கேட்டிருந்தால், அவர் உடனே விடை சொல்லியிருப்பார்.

ஆயினும் நட்பு பிறந்துவிட்டது என்பதற்காக ஐயம் ஒழிந்துவிடுவதில்லை. இவன் வாலியை வெல்லக்கூடியவன்தானா என்று சுக்கிரீவன் தயங்குகின்றான். மராமரம் ஏழையும் ஒரே அம்பு துளைத்த பின்னரே அவன் மனம் தெளிகின்றது. ஐயம் மறுபக்கத்திலும் உண்டு. அண்ணனும் தம்பியும் பொருதுகொண்டிருக்கும்பொழுது இலக்குவன் இராமனிடம், தன் அண்ணனைக் கொல்வதற்கு ஆள் தேடிக்கொண்டு வந்த இவனை நாம் எப்படி நம்புவது என்னும் பொருள்படக் கேட்கின்றான். உடன்பிறந்தார் எல்லாரும் ஒத்த குணத்தினராய் இருந்துவிட்டால், பரதனுக்குத் தனிச் சிறப்பு ஏது என்னும் கருத்தில் இராமன் விடையிறுக்கின்றான். முன்பு அதே பரதன் படையோடு வந்தபொழுது அவன்மேல் ஐயுற்றுச் சினந்தவன் இந்த இலக்குவனே! அதை இராமன் சொல்லிக் காட்டவில்லை. கேட்கின்ற இலக்குவனுக்குப் புரிந்திருக்கும்; படிக்கின்ற நமக்கும் புரிகின்றது. சொல்லாமல் விட்ட சொல்லும் இருவருக்கு இடையே உறவாக நிற்கின்றது என்பதை இவ்விடத்தில்தான் நான் கற்றேன்.

பின்பு கார்காலம் வருகின்றது. அரசு கைக்கு வந்த மகிழ்ச்சியில், மதுவின் மயக்கத்தில், சுக்கிரீவன் தான் கொடுத்த வாக்கை மறந்துவிடுகின்றான். குழுவில் ஒருவன் தவறிவிட்டான். இலக்குவன் சினந்து வருகின்றான். அந்தச் சினத்தைத் தணித்தது யாருடைய வாதத் திறமை? தாரை எதிரே வந்து நிற்கின்றாள்; கைம்மைக் கோலத்தில் நிற்கும் அவளைக் கண்டதும், அயோத்தியில் அதே கோலத்தில் இருக்கும் தன் தாயர் நினைவு வந்து இலக்குவன் கண் கலங்குகின்றான். அவள் பேசுவதற்கு முன்பே பாதிச் சினம் தணிந்துவிடுகின்றது. வால்மீகியின் தாரை அப்பொழுது சுக்கிரீவனோடு வாழ்கின்றவள். அவளைக் கைம்பெண்ணாகவே நிறுத்தியது கம்பர் செய்த மாற்றம். நாடகம் எழுதுவோர் இந்த ஒரு மாற்றத்தை மட்டும் ஒரு மாலைப் பொழுது முழுவதும் எண்ணிப் பார்க்கலாம். ஒருவன் கோபத்தை அடக்குவதற்கு நான்கு பக்க வசனம் எழுதியவன் நான்!

அடுத்துத் தென்திசைக்குச் சீதையைத் தேடிச் சென்ற குழுவைப் பாருங்கள். அதன் தலைவன் அங்கதன். அவன் யார்? வாலியின் மகன். தந்தையை வீழ்த்தியவன் இராமன். தந்தையின் அரியணையில் இருப்பவன் சிற்றப்பன். இறக்கும் தறுவாயில் வாலியே மகனை இராமனிடம் ஒப்படைக்கின்றான். இராமனும் தன் உடைவாளைக் கொடுத்து அவனை ஏற்றுக்கொள்கின்றான். எல்லாம் முறைப்படி நடந்துவிட்டது. ஆனால் அந்த இளைஞனின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும்? கம்பர் அதை உடனே திறந்து காட்டிவிடவில்லை. நெடுந்தூரம் மூடியே வைத்திருக்கின்றார். இலங்கையில் போர் தொடங்குவதற்கு முன் அங்கதன் தூதனாகச் செல்லும்பொழுது, அந்தப் புண்ணின்மேல் விரலை வைத்து அழுத்துகின்றவன் இராவணன். தந்தையைக் கொன்றவனுக்கா ஏவல் செய்கின்றாய், என்னோடு சேர்ந்துகொள், வானரர்க்கு உன்னையே அரசனாக்குகின்றேன் என்று ஆசை காட்டுகின்றான். அங்கதன் சிரிக்கின்றான், மறுத்துவிடுகின்றான்.

அந்தச் சிரிப்புக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது? தேடிச் சென்ற வழியெல்லாம் அவனோடு நடந்தவர்களிடமிருந்து வந்தது என்பதே என் கருத்து. சுக்கிரீவன் விதித்த ஒரு திங்கள் தவணை கடந்துவிட்டது, சீதையும் கிட்டவில்லை. வெறுங்கையோடு திரும்புவதைவிடச் சாவதே மேல் என்று கடற்கரையில் அங்கதன் கலங்கியபொழுது அவனைத் தனியே விட்டுவிட்டு யாரும் ஊர் திரும்பவில்லை. பிறகு சம்பாதியின் வாயால் இலங்கை இருக்கும் இடம் தெரிகின்றது. கடலைக் கடப்பது யார்? தம்மால் இயலாதென்று பலர் ஒதுங்குகின்றார்கள். கடந்துவிடுவேன், மீண்டு வரும் வலிமை இல்லை என்று அங்கதன் ஒளிக்காமல் கூறுகின்றான். தலைவனாக இருப்பவன் தன் எல்லையை எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்வது எளிய செயலா? சாம்பவன் தன் பழைய ஆற்றல் இப்பொழுது இல்லை என்கின்றான். அனுமனோ வாய் திறவாமல் இருக்கின்றான். 'உன்னால் முடியும்' என்று அவனுக்கு எடுத்துரைப்பவன் சாம்பவனே. ஒருவன் வலிமையை மற்றொருவன் அறிந்து வைத்திருக்கின்றான். குழு என்று நான் சொல்லுவது இதைத்தான்.

இவற்றுக்கெல்லாம் மேலாக என்னைக் கவர்ந்தது வீடணன் அடைக்கலம் புகும் பகுதி. சற்று முன் கூறிய கணக்கை நினைவில் கொள்ளுங்கள். புதியவன் ஒருவன் வந்து நிற்கின்றான். அவனும் பகைவனின் தம்பி. இராமன் தானே முடிவு செய்துவிடாமல் உடனிருப்போரைக் கேட்கின்றான். முதலில் எதிர்ப்பவன் சுக்கிரீவன். அண்ணனைப் பகைவர் சூழ்ந்த வேளையில் கைவிட்டு வந்தவனை எப்படி ஏற்பது என்பது அவன் வாதம். யார் வாயிலிருந்து வருகின்றது பாருங்கள்! அண்ணனுக்கு எதிராக அயலானின் அம்பைத் துணைகொண்டவன் கூறுகின்றான். தன் வாழ்வில் எந்த இடம் வலிக்கின்றதோ அந்த இடத்திலிருந்தே மனிதன் பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறுகின்றான். சாம்பவனும் நீலனும் மற்றவர்களும் கூடாது என்றே சொல்கின்றார்கள். அனுமன் ஒருவனே ஏற்கலாம் என்கின்றான். அவன் இலங்கைக்குள் சென்று நேரில் கண்டு வந்தவன். ஒவ்வொருவர் சொல்லும் அவரவர் பட்டறிவிலிருந்தே பிறக்கின்றது. பெயர்களை மறைத்துவிட்டு இந்த உரையாடலைப் படித்தாலும், பேசுகின்றவன் இன்னான் என்று கண்டுகொள்ளலாம். என் நாடகத்தில் பெயர்களை மாற்றிப் போட்டிருந்தால் நடிகர்களுக்கே தெரிந்திராது!

முடிவு இராமனுடையது, வீடணனை ஏற்பது என்பது முடிவு. எதிர்த்துப் பேசியவர்கள் முகம் வாடியிருக்குமே, அவர்களை என்ன செய்வது? வெளியே நிற்கும் வீடணனை நீயே சென்று அழைத்து வா என்று இராமன் சுக்கிரீவனை அனுப்புகின்றான். வேண்டாம் என்று சொன்னவன் கையாலேயே வரவேற்பு! சுக்கிரீவன் செல்கின்றான், இருவரும் தழுவிக்கொள்கின்றார்கள். முன்பு குகன் ஐந்தாம் உடன்பிறப்பானான், சுக்கிரீவன் ஆறாமவனானான், இப்பொழுது வீடணன் ஏழாமவன். அரசியலறிவு என்றும் இதனைச் சொல்லலாம். கதை கட்டும் அறிவு என்றும் சொல்லலாம். எதிர்த்தவனை ஓரத்தில் நிறுத்தி வைத்துவிட்டுக் கதையை நடத்திச் சென்றிருந்தால், அந்த இருவருக்கும் இடையே உள்ள இணை வெறுமையாகவே இருந்திருக்கும்.

இதே வித்தையைக் கடல்கடந்த கலைஞர் ஒருவரிடமும் கண்டேன். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1954-ஆம் ஆண்டில் 'ஏழு சாமுராய்' என்ற படத்தை எடுத்தார். அறுவடை வேளையில் கொள்ளையர் வருவார்கள் என்று அஞ்சும் சிற்றூர் உழவர்கள், தங்களைக் காப்பதற்கு வீரர்களைத் தேடுகின்றார்கள். கூலியாகச் சோறு மட்டுமே அவர்களால் கொடுக்க முடியும். எழுவர் சேர்கின்றார்கள். அவர்களில் ஆறு பேர் உண்மையான சாமுராய் மரபினர். ஏழாமவனாகிய கிக்குச்சியோ குடித்துவிட்டுக் கூச்சலிட்டுத் திரிபவன்; தானும் அந்த மரபினன் என்று பொய் கூறிக்கொண்டு ஒட்டிக்கொண்டவன்.

ஒருநாள் கிக்குச்சியோ ஊரார் ஒளித்து வைத்திருந்த கவசங்களையும் ஆயுதங்களையும் கண்டெடுத்து மகிழ்ச்சியோடு கொண்டு வருகின்றான். மற்ற வீரர்களின் முகம் கறுத்துவிடுகின்றது. தோற்றோடிய சாமுராய்களைக் கொன்று உழவர்கள் பறித்த பொருள்கள் அல்லவா அவை! இந்த ஊர்க்காரர்களையே வெட்டிப்போடலாம் போலிருக்கின்றது என்கின்றான் ஒரு வீரன். உடனே கிக்குச்சியோ வெடிக்கின்றான். ஆம், உழவர்கள் கள்ளர்கள், பொய்யர்கள், கோழைகள். ஆனால் அவர்களை அப்படி ஆக்கியவர்கள் யார், ஊரை எரித்தும் விளைச்சலைப் பறித்தும் வந்த நீங்கள் அல்லவா என்று கதறுகின்றான். தலைவனாகிய கம்பேய் கண்ணீரோடு அவனைப் பார்த்து, நீ உழவன் மகன்தானே என்று கேட்கின்றான். அதுவரையில் அந்தக் கோமாளியை எதற்காகக் கதையில் வைத்திருக்கின்றார்கள் என்று ஐயுற்றவர்களுக்கு அங்கே விடை கிடைக்கின்றது. ஊருக்கும் வீரர்களுக்கும் நடுவே நிற்கக்கூடியவன் அவன் ஒருவனே. என் நாடகத்திலும் ஒரு கோமாளி இருந்தான் என்று சொன்னேன் அல்லவா? அவன் எதை மறைப்பதற்காகச் சிரிக்க வைத்தான் என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாடகத்திற்கு மட்டுமே உரிய ஒரு தொல்லையையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். நாவலில் பேசாதவன் மறைந்துபோகின்றான். ஐந்து பக்கங்களுக்கு அவன் பெயர் வராவிட்டால் யாரும் தேடுவதில்லை. மேடையில் அவ்வாறன்று. இருவர் பேசுகின்றபொழுது மற்ற மூவரும் விளக்கொளியில் நின்றுகொண்டேயிருக்கின்றார்கள். நம் ஒத்திகைகளில் அவர்கள் கையைப் பிசைவார்கள். அல்லது திரைக்குப் பின்னால் நிற்கும் தம் மனைவியையும் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒத்திகையைப் பேசாதவர்களுக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லைக் கேட்கும்பொழுது யார் யாரைத் திரும்பிப் பார்க்கின்றான், யார் தலையைக் குனிகின்றான், யார் தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து போகின்றான் என்பவற்றை மட்டும் முடிவு செய்யுங்கள். நம்மில் பலர் ஆலையில் உலைமுகத்தில் நிற்பவர்கள். இரும்புக் குழம்பு திறந்து ஓடும் வேளையில் அங்கே எத்தனை பேச்சு நடக்கின்றது? அந்த இரைச்சலில் ஒருவர் கையசைவை மற்றவர் பார்த்துக்கொள்வதே பேச்சு. அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் நாடகக் குழுவிற்குக் கிடைக்கமாட்டார்கள்.

இனி, நான் சொல்லத் தயங்கி இதுவரை தள்ளிவைத்த ஒன்றிற்கு வருகின்றேன். என் நாடகம் ஏன் அவ்வாறு வெறுமையாக அமைந்தது? திறமைக் குறைவு ஒரு காரணம், அதை ஒப்புக்கொள்கின்றேன். உண்மையான காரணம் அச்சம்.

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாடகத்திற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நம் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சமுக்காளங்களும் பாத்திரங்களும் ஆர்மோனியமும் வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருப்பது என்பதில் தொடங்கிய பூசல் அது. ஒரே மைதானத்தில் இரண்டு பந்தல், இரண்டு பொங்கல். ஒரு பந்தலின் ஒலிபெருக்கி மற்றொரு பந்தலின் பாட்டை விழுங்கியது. இரண்டு ஆண்டுகள் அப்படியே சென்றன. அப்பூசலில் முன்னின்ற இருவரும் இன்று இந்த அவையில் இருக்கின்றார்கள். அவர்கள் இசைவைப் பெற்ற பின்னரே இதைக் கூறுகின்றேன். ஒருவர் உடனே இசைந்தார். மற்றவர், முதலில் அவர் என்ன சொன்னார் என்று கேட்டுவிட்டு இசைந்தார்!

ஒரு குளிர்கால இரவில் நம்மவர் ஒருவர் மாரடைப்பால் தம் வீட்டிலேயே காலமானார். மகன் சிறுவன். உறவினர் ஊரிலிருந்து ரயிலேறி வந்து சேர்வதற்கு இரண்டு நாள் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்கு, யாரும் கேட்பதற்கு முன்பே, சாவி வைத்திருந்தவர் அறையைத் திறந்து சமுக்காளங்களைக் கொண்டுவந்து அந்த வீட்டு வாசலில் விரித்தார். அவருக்கு எதிர்த்தரப்பில் நின்றவரோ அதற்குள் மூங்கிலுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். உயரம் ஒத்தவர்கள் என்ற ஒரே காரணத்தால், பாடையின் முன்புறத்தில் இருவரும் தோள் கொடுக்க நேர்ந்தது. போகும்பொழுதும் பேசவில்லை, வரும்பொழுதும் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த வீட்டிலிருந்து பாத்திரங்களைத் திரும்ப எடுத்து வைக்கும்பொழுது ஒருவர், "டம்ளர் எத்தனை?" என்று கேட்டார். "நாற்பத்தெட்டு இருக்க வேண்டும், இரண்டு குறைகிறது" என்றார் மற்றவர். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் பேசிக்கொண்ட முதற்பேச்சு அதுதான். இருவருமாகச் சமையலறைக்குள் போய்த் தேடினார்கள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்ணால் கண்டவன் அடுத்து எழுதிய நாடகத்தில் ஐந்து பேரும் ஒரு சொல் கூடக் கடுமையாகப் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றை எழுதினால், இது அவரைக் குறிக்கின்றது, இது இவரைக் குறிக்கின்றது என்று பேச்சு வரும். ஒட்டிய சங்கம் மறுபடியும் உடையும் என்று அஞ்சினேன். ஆகவே சண்டையை நீக்கினேன். சண்டையை நீக்கியபொழுது டம்ளர் எண்ணியதும் கூடவே நீங்கிவிட்டது. எஞ்சியவர்கள் சத்திரத்தில் தங்கிய ஐந்து பேர்.

இளம் நண்பர்களே! உங்கள் நாடகத்தின் கையெழுத்துப் படியை எனக்குக் கொடுத்திருந்தீர்கள், இருமுறை படித்தேன். வசனம் என் காலத்து வசனத்தைவிட நன்றாக இருக்கின்றது. மூன்றாம் காட்சியில் ஒரு சண்டை வருகின்றது. நால்வரில் ஒருவன் ஊருக்கு அனுப்ப வேண்டிய பொதுப் பணத்தைத் தன் தங்கையின் திருமணத்திற்கு எடுத்துவிடுகின்றான். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்கின்றார்கள். அந்தக் காட்சியை நீக்கிவிட வேண்டும் என்று உங்களுள் மூவரும், இருக்கட்டும் என்று இருவரும் வாதாடுவதாகக் கேள்விப்பட்டேன். விழா நாளில் மனக்கசப்பு எதற்கு என்பது அந்த மூவரின் எண்ணம். நல்ல எண்ணந்தான், எனக்கும் அதே எண்ணம் இருந்தது.

காட்சி இருக்கட்டும். ஆனால் இப்பொழுது இருக்கின்றபடி இருக்க வேண்டாம். பணத்தை எடுத்தவனை எல்லாரும் ஒரே குரலில் திட்டுகின்றார்கள்; மற்ற மூவரும் மூன்று விதமாகவன்றோ கோபப்படுவார்கள்? அவனுக்கு முன்பே கடன்பட்டிருந்தவன் எப்படித் திட்டுவான்? தனக்கும் ஒரு தங்கை இருப்பவன் என்ன செய்வான்? முன்பே அறிந்திருந்தும் வாய் திறவாமல் இருந்தவன் ஒருவன் அவர்களுள் இருக்கக்கூடாதா? அவன் எங்கே நிற்கின்றான்? அக்காட்சியைத் திருப்பி எழுதும் பொறுப்பை, நீக்க வேண்டும் என்று எல்லாரையும்விட உரத்து வாதாடிய தம்பியிடமே ஒப்படையுங்கள். வீடணனை அழைத்து வரச் சென்றவன் யார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்குகின்றது. இரவு ஷிப்டு முடித்து வருபவர்கள் சற்று உறங்கிவிட்டு வரலாம். ஆர்மோனியம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அறையின் சாவி இப்பொழுது இரண்டு இருக்கின்றது. இரண்டும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டிற்குப் போனாலும் டம்ளர்களை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுங்கள். அந்த இரண்டு டம்ளர் இன்னும் கிடைக்கவில்லை.